மத்தளம்பாறையின் தலைமை விஞ்ஞானி

ஜூன் பிறந்துவிட்டால் தென்காசிப் பக்கம் சொந்தபந்தம் உள்ளவர்கள் போனில் முதலில் கேட்பது ஒன்றைத்தான். "தண்ணி விழுதா?" எந்தத் தண்ணி, எங்கே விழுகிறது என்று கேட்பவரும் சொல்வதில்லை, பதில் சொல்பவரும் திருப்பிக் கேட்பதில்லை. குற்றாலத்துப் பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் சீசன் தொடங்கிவிட்டதா, சாரல் அடிக்கிறதா, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பி வரலாமா என்பதெல்லாம் அந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிடும்.

இதை வைத்து ஒரு சின்ன விளையாட்டு ஆடிப் பார்க்கலாம். "குற்றாலத்துல தண்ணி..." என்று பாதியில் நிறுத்தி, அடுத்த சொல் என்ன என்று கேட்டால் தென்காசிக்காரர் யோசிக்காமல் "விழுது" என்பார். "சென்னையில தண்ணி..." என்று நிறுத்தினால் "வருது", "வரல", "லாரி" என்று வேறு சொற்கள் வரிசைகட்டும். முன்னால் நிற்கும் ஊர்ப்பெயர் பின்னால் வரும் வினைச்சொல்லை மாற்றிவிடுகிறது. சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகள் அடிப்படையில் செய்வது இந்த வேலையைத்தான். இதுவரை வந்த சொற்களைப் பார்த்து அடுத்து எது வரும் என்று ஊகிப்பது, ஊகித்ததை எழுதுவது, எழுதியதையும் சேர்த்துக்கொண்டு மறுபடி ஊகிப்பது. 2017-இல் கூகுளில் இருந்த எட்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரை, வாக்கியத்தில் எந்தச் சொல் எந்தச் சொல்லைக் கவனிக்க வேண்டும் என்பதை எந்திரம் தானாகவே கற்றுக்கொள்ளும் வழியைக் காட்டியது. "தண்ணி" வந்ததும் எந்திரம் திரும்பிப் பார்த்து "குற்றாலத்துல" என்பதைக் கவனிப்பது அந்த வழியில்தான். அந்த எட்டுப் பேரில் ஆஷிஷ் வாஸ்வானி, நிகி பார்மர் என்ற இரண்டு இந்தியர்களும் உண்டு.

ஆனால் ஊகத்தைக் கணக்காக மாற்றிய வேலை அதற்கும் ஏறத்தாழ எழுபது ஆண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த கிளாட் ஷானன் 1948-இல் எழுதிய கட்டுரையிலிருந்துதான் தகவல் கோட்பாடு என்ற துறையே பிறந்தது. 1951-இல் அவர் இன்னொரு சோதனையை வெளியிட்டார். ஆங்கிலப் பத்தி ஒன்றை மறைத்துவைத்து, அடுத்த எழுத்து எது என்று மனிதர்களை ஊகிக்கச் சொன்னார். எத்தனை தடவையில் சரியாகச் சொல்கிறார்கள் என்று குறித்துக்கொண்டார். நாம் எழுதுவதில் பெரும்பகுதி முன்கூட்டியே ஊகிக்கக்கூடியது என்பது அதிலிருந்து தெரிந்தது. ஊகிக்க முடிவதைச் சுருக்கிவிடலாம். ஊகிக்க முடியாமல் மிஞ்சுகிறதே, செய்தி என்பது அதுதான்.

அந்தத் துறையில் முனைவர் பட்டம் வாங்கிய ஒருவர் தென்காசிக்கு அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், மத்தளம்பாறை என்ற கிராமத்தைத் தன் ஊராக்கிக்கொண்டிருக்கிறார். ஜோஹோ நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு. தொழிலதிபர் என்றே எல்லோருக்கும் தெரிந்த அவர், 2025 ஜனவரி 27 அன்று தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பிலிருந்து விலகினார். செயற்கை நுண்ணறிவில் நடந்துவரும் பெரிய மாற்றங்களைக் காரணமாகச் சொல்லி, இனி முழுநேரமும் ஆராய்ச்சியிலும் கிராம மேம்பாட்டிலும் இருக்கப்போவதாக அறிவித்தார். நிர்வாகம் உடன் நிறுவியவர்களில் ஒருவரான சைலேஷ் குமார் டேவியிடம் போனது. வேம்புவின் புதுப் பொறுப்புக்குப் பெயர் 'தலைமை விஞ்ஞானி'.

ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு வயதில் ஒருவர் தான் கட்டிய நிறுவனத்தின் நாற்காலியை விட்டு எழுந்து ஆராய்ச்சிக்குத் திரும்புவது நம் ஊரில் அடிக்கடி நடக்கும் காரியமில்லை. அதனால்தான் இந்த வாழ்க்கையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் என்றால் யார், எங்கிருந்து வருகிறார், என்ன செய்கிறார் என்ற கேள்விகளுக்கு இதில் பாதி விடையாவது கிடைக்கும்.

வேம்பு பிறந்தது 1968-இல். தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமத்தில் வேர் உள்ள விவசாயக் குடும்பம். அப்பா சென்னை உயர் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தர். வக்கீல் வேகமாகப் பேசுவதை நாலைந்து கோடுகளில் அடக்கி, பிறகு ஒரு சொல் குறையாமல் விரித்துத் தட்டச்சு செய்வது சுருக்கெழுத்தரின் தொழில். அப்பா கையால் செய்ததைத்தான் மகன் பிற்பாடு கணிதமாகப் படித்தார் என்று சொன்னால் அது மிகையில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் 1989-இல் மின்பொறியியல் பட்டம் வாங்கி, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே தகவல் கோட்பாட்டில் பெரிய பெயரான செர்ஜியோ வெர்டுவோடு சேர்ந்து ஆய்வு செய்து 1994-இல் முனைவரானார்.

அவர் செய்த ஆய்வு எதைப் பற்றியது? குற்றாலம் பேரருவிக்கு எதிரே நின்றாலே விளங்கிவிடும். அருவிச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. கரையில் நிற்கும் அம்மா, அருவிக்குள் நிற்கும் பையனை வெளியே வரச் சொல்ல வேண்டும். வீட்டில் என்றால், "போதும்லே, நேரமாச்சு, சளி பிடிச்சுக்கிடும், தலையைத் துவட்டிட்டுச் சட்டையைப் போடு" என்று நீளமாகச் சொல்லியிருப்பாள். இங்கே முதலில் அத்தனையையும் சுருக்குகிறாள்: "வா." பிறகு அந்த ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொல்கிறாள்: "வா... வா... ஏலே, வாலே!" கையையும் ஆட்டுகிறாள். சுருக்குவது ஒரு வேலை. இரைச்சலைத் தாண்டிப் போய்ச் சேர்வதற்காகத் திரும்பத் திரும்பச் சொல்வது இன்னொரு வேலை. இரண்டையும் தனித்தனியாகச் செய்துகொண்டாலும் நட்டமில்லை என்பது ஷானன் நிறுவிய தேற்றம். தொலைத்தொடர்புப் பொறியியலின் பெரும்பகுதி அதை நம்பியே கட்டப்பட்டது.

வேம்பு, வெர்டு, யோசெப் ஸ்டெய்ன்பெர்க் மூவரும் 1995-இல் வெளியிட்ட கட்டுரை அந்தத் தேற்றத்தைத் திரும்ப எடுத்து ஆராய்ந்தது. செய்தியின் தன்மையும் இரைச்சலின் தன்மையும் நேரத்துக்கு நேரம் மாறுகிற சூழலில் அந்தத் தேற்றம் அப்படியே பொருந்திவிடாது என்பதை எடுத்துக்காட்டோடு நிறுவி, எந்த நிபந்தனையில் பொருந்தும் என்பதையும் வகுத்தார்கள். அருவி ஒரே சீராக விழும்போது ஒரு கணக்கு. மலைமேல் மழை பெய்து வெள்ளம் ஏறி இறங்கும்போது வேறு கணக்கு. முப்பது ஆண்டுக்கு மேலாகியும் அந்தத் துறைக்காரர்கள் எடுத்துப் பார்க்கும் கட்டுரை அது.

பேராசிரியராகப் போயிருக்கக்கூடியவர் குவால்காம் நிறுவனத்தில் கம்பியில்லாத் தொலைத்தொடர்புப் பொறியாளராகச் சேர்ந்தார். 1996-இல் சகோதரர்களோடும் டோனி தாமஸோடும் சேர்ந்து அட்வென்ட்நெட் என்ற நிறுவனம். வலைப்பின்னல் நிர்வாக மென்பொருள்தான் அதன் முதல் சரக்கு. 2001 வாக்கில் இணைய நிறுவனங்கள் சரிந்தபோது வாடிக்கையாளர்களும் சரிந்தார்கள்; வேறு பொருள் தேடவேண்டி வந்தது. 2005-இல் ஜோஹோ என்ற பெயரில் இணையவழி அலுவலக மென்பொருள்கள் வந்தன. 2009-இல் நிறுவனத்தின் பெயரே ஜோஹோ ஆயிற்று. ஆண்டு வருமானம் 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டதாக 2022-இல் அறிவிப்பு வந்தது. வெளி முதலீடு வாங்காமல் வளர்ந்தது என்பதால் தொழில் பத்திரிகைகள் இந்தக் கதையைப் பலமுறை எழுதிவிட்டன. இங்கே அதில் அதிகம் நிற்க வேண்டியதில்லை.

நிற்க வேண்டிய இடம் 2011. அந்த ஆண்டுதான் மத்தளம்பாறையில் ஜோஹோவின் சிறிய அலுவலகம் ஒன்று தொடங்கியது. பெருநகர அலுவலகத்தின் மிச்ச வேலைகளைச் செய்யும் கிளையாக அது நின்றுவிடவில்லை. வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் ஜோஹோ டெஸ்க் என்ற முழு மென்பொருளும் இந்த ஊரில்தான் உருவானது. 2019-இல் வேம்புவே அமெரிக்காவிலிருந்து வந்து மத்தளம்பாறையில் குடியேறினார். அதே ஆண்டு நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமாயிற்று. 2021-இல் பத்மஸ்ரீ விருது. வேட்டி சட்டையோடு சைக்கிளில் போகும் அவருடைய படங்கள் ஊரெல்லாம் சுற்றின. படங்களைவிட முக்கியமான ஒன்று பக்கத்திலேயே நடந்தது. கொரோனா ஊரடங்கில் பள்ளிகள் மூடியிருந்தபோது கிராமத்துப் பிள்ளைகளுக்கு நடத்திய வகுப்புகள் கலைவாணி கல்வி மையம் என்ற இலவசப் பள்ளியாக வளர்ந்தன.

குற்றாலத்துக் காற்றில் உட்கார்ந்து யோசிப்பது புதிதா என்றால் இல்லை. ரசிகமணி டி.கே.சி. தன் கடைசிக் காலம்வரை, அதாவது 1954 வரை, குற்றாலத்தில் வாழ்ந்தவர். ராஜாஜியும் கல்கியும் அவரோடு இருந்து தமிழைப் பேச அங்கே வந்துபோனார்கள். அவர் தமிழ்ப் பாட்டில் ஒரு சொல் ஏன் அந்த இடத்தில் வந்து உட்காருகிறது என்று மணிக்கணக்கில் பேசியவர். அடுத்த சொல் ஏன் இதுவாக இருக்கிறது என்ற கேள்வியைத்தான் இன்றைய மொழி மாதிரிகளும் எண்களால் கேட்கின்றன. இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் இந்த மண்ணுக்கு அந்தக் கேள்வி பழக்கமானது என்று நினைக்க மனம் குளிர்கிறது.

ஆராய்ச்சிக்கு ஆள் வேண்டும். ஆள் எங்கிருந்து வருவது? 2004-2005 வாக்கில் ஆறு மாணவர்களோடு ஜோஹோ தொடங்கிய பயிற்சிப் பள்ளி இதற்குப் பதில் சொல்லப் பார்த்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களைச் சேர்த்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்து, நிரல் எழுதக் கற்றுத்தரும் பள்ளி. பட்டம் கேட்பதில்லை. பிற்பாடு தென்காசியிலும் அது வந்தது. வீட்டுச் சூழலால் கல்லூரிக்குப் போகமுடியாமல் செங்கல் சூளைக்கோ ஜவுளிக்கடைக்கோ போயிருக்கக்கூடிய ஒரு பையன், மொழி மாதிரிக்குப் பக்கத்தில் உட்காரும் இடம்வரை வரமுடியும் என்று அது காட்டியது. இதை வேம்புவின் ஆய்வுக் கட்டுரைகளைவிடப் பெரிய காரியம் என்று சொல்லத் தோன்றுகிறது.

தலைமை விஞ்ஞானி ஆன அதே ஆண்டு, 2025 ஜூலையில், ஜோஹோ தன் சொந்த மொழி மாதிரியான ஜியா எல்.எல்.எம்.மை அறிவித்தது. ஜியா என்ற உதவியாளர் அந்நிறுவன மென்பொருள்களில் பல ஆண்டாகவே இருந்தது. அடியிலிருந்து தாங்களே பயிற்றுவித்த மொழி மாதிரி என்பது இதில் புதிது. நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுப் பிரிவை நடத்துபவர் ராம்பிரகாஷ் ராமமூர்த்தி. மாதிரி மூன்று அளவுகளில் வந்தது: 130 கோடி, 260 கோடி, 700 கோடி அளவுருக்கள்.

அளவுரு என்ற சொல்லைப் பார்த்து மலைக்க வேண்டாம். ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கத் திருகும் குமிழைப்போல, மாதிரிக்குள் இருக்கும் ஒவ்வோர் எண்ணும் ஒரு குமிழ். ஒவ்வொரு முறை ஊகம் தவறும்போதும் எல்லாக் குமிழ்களும் இம்மியளவு திருகப்படுகின்றன. 700 கோடிக் குமிழ்கள், கோடிக்கணக்கான வாக்கியங்கள், வாரக்கணக்கில் திருகல். பயிற்சி என்பது இவ்வளவுதான். ஒரு குமிழின் நிலையைக் குறிக்க 2 பைட் என்று வைத்தால் 700 கோடிக்கு 14 ஜிகாபைட் ஆகிறது. ஒரே ஒரு நல்ல கிராபிக்ஸ் சிப்பின் நினைவகத்தில் அடங்கிவிடும். 130 கோடிக்கு 2.6 ஜிகாபைட், அது செல்போனிலேயே அடங்கும். 2020-இல் வந்த ஜிபிடி-3-க்கு 17,500 கோடி அளவுருக்கள். அதற்கு 350 ஜிகாபைட் வேண்டும். கடைக்காரரின் ரசீதைப் படித்துச் சுருக்கிச் சொல்லும் வேலைக்கு அத்தனை பெரிய எந்திரத்தை ஓட்டுவது, ஒரு குடம் தண்ணீருக்கு ஐந்து குதிரைத்திறன் மோட்டார் போடுவது மாதிரி. வேலைக்கேற்ற அளவில் மாதிரி என்ற ஜோஹோவின் வழியில் கணக்கு இருக்கிறது.

பணக்கணக்கும் உண்டு. என்விடியா சிப்புகளிலும் தொழில்நுட்பத்திலும் ஓராண்டில் 1 கோடி டாலருக்குமேல் போட்டிருப்பதாகவும், அடுத்த ஓராண்டில் இன்னொரு 1 கோடி டாலர் போடப்போவதாகவும் 2024 அக்டோபரில் ஜோஹோ அறிவித்தது. நமக்கு அது பெருந்தொகை. ஆயிரக்கணக்கான கோடி டாலர்களைக் கொட்டும் அமெரிக்க நிறுவனங்களின் கணக்கில் அது ஒரு நாள் செலவுக்குக் காணாது. இந்த இடைவெளியை மறைத்துவிட்டுக் கிராமத்து ஆராய்ச்சியைப் புகழ்ந்தால் அது வாசகருக்குச் செய்யும் நியாயமில்லை. பெரிய மாதிரிகளோடு நேருக்கு நேர் மோதி வெல்வது மத்தளம்பாறையால் இன்று முடிகிற காரியமில்லை. குறைந்த செலவில் எது முடியும் என்று தேடுவது முடிகிற காரியம்; ஆராய்ச்சி என்ற சொல்லுக்கு அதுவே பொருத்தமான வேலையும்கூட.

முடியாது என்று தெரிந்தால் நிறுத்தவும் தெரிய வேண்டும். 70 கோடி டாலர் செலவில் சிப் தயாரிப்பில் இறங்க ஜோஹோ திட்டமிட்டிருந்தது. தொழில்நுட்ப வழியில் போதிய நம்பிக்கை வரவில்லை என்று 2025 மே மாதம் அந்தத் திட்டத்தை நிறுத்திவைத்ததாக வேம்பு வெளிப்படையாகச் சொன்னார். தொழிலதிபருக்கு அது பின்வாங்கல். ஆய்வாளருக்கு அது அன்றாடம்.

அந்த அன்றாடம் எப்படி இருக்கும் என்பது வெளியே அதிகம் தெரிவதில்லை. செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் என்றதும் ரோபோவுக்குப் பக்கத்தில் நிற்கும் ஒருவரைத்தான் படங்களில் காட்டுகிறார்கள். உண்மையில் அவருடைய காலை, முந்தைய இரவு ஓட்டிவிட்டுப் போன பயிற்சி எங்கே நிற்கிறது என்று பார்ப்பதில் தொடங்கும். திரையில் ஒரு கோடு. எந்திரத்தின் ஊகம் எவ்வளவு தவறுகிறது என்பதைக் காட்டும் கோடு அது. மெல்ல மெல்லக் கீழே இறங்க வேண்டும். நள்ளிரவு இரண்டு மணிக்குத் திடீரென்று மேலே எகிறியிருந்தால் அன்றைய பொழுது போயிற்று. கொடுத்த தரவில் ஏதோ கோளாறு. ஒரே பக்கம் ஆயிரம் முறை நகலாகி உள்ளே போயிருக்கலாம். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ், யூனிகோடாக மாறும்போது உருக்குலைந்து வெறும் குறிகளாகப் போயிருக்கலாம். லட்சக்கணக்கான வரிகளில் அதைத் தேடிப் பிடித்து, களைந்து, மறுபடி ஓட்டவேண்டும். அரிசியில் கல் பொறுக்குவது போன்ற பொறுமை வேண்டும் இதற்கு. பத்துச் சோதனையில் எட்டோ ஒன்பதோ எதையும் தராது. மதியத்துக்குமேல், உலகின் வேறு மூலையில் நேற்று யாரோ வெளியிட்ட கட்டுரையைப் படித்து, அவர்கள் சொன்னது தன் எந்திரத்திலும் நடக்கிறதா என்று பார்ப்பார். இதற்கு வேண்டிய கணிதம் நிகழ்தகவும் அணிகளும் வகையீடும். மூன்றுக்கும் விதை நம் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது.

தமிழில் வேலை செய்கிற ஆய்வாளருக்குக் கூடுதலாக ஒரு தொல்லை. 'தென்காசி' என்று எழுதிப் பார்ப்போம். நம் கண்ணுக்கு நான்கு எழுத்து: தெ, ன், கா, சி. கணினிக்கு அது எட்டுக் குறிகள். த தனி, ஒற்றைக்கொம்பு தனி, ன தனி, புள்ளி தனி, அப்படியே கடைசி வரை. ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், ஆக 24 பைட். அதே பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 7 பைட்டில் முடிந்துவிடும். மொழி மாதிரிகள் எழுத்தைத் துண்டு துண்டாக வெட்டித்தான் விழுங்கும். அந்தத் துண்டுக்கு டோக்கன் என்று பெயர். ஆங்கிலத்தை முன்னால் வைத்து வெட்டப் பழகிய எந்திரம் தமிழைச் சுக்குநூறாக்கிவிடும். ஓபன் ஏஐ நிறுவனமே 2024-இல் ஒரு கணக்கை வெளியிட்டது. ஒரே செய்தியைத் தமிழில் எழுத அவர்களுடைய பழைய முறையில் 116 டோக்கன், புதிய முறையில் 35. ஆங்கிலத்தில் பழைய முறையிலேயே 27தான். டோக்கனுக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் உலகத்தில் தமிழில் கேள்வி கேட்டவர் நான்கு மடங்குக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தார் என்று இதற்கு அர்த்தம். யாரும் திட்டமிட்டுச் செய்த வஞ்சனையில்லை. வெட்டும் கத்தியைத் தீட்டிய அறையில் தமிழ் தெரிந்தவர் பேச்சு எடுபடவில்லை, அவ்வளவுதான். அந்த அறையில் நம் ஆட்கள் இருக்கவேண்டியது இதற்காகத்தான்.

எழுத்தைத் தாண்டிப் பேச்சுக்கு வந்தால் கணக்கு இன்னும் கடினமாகிறது. பாடப்புத்தகத்தில் 'சொல்கிறேன்'. சென்னையில் 'சொல்றேன்'. தென்காசியில் 'சொல்லுதேன்'. மூன்றையும் ஒன்றென்று அறிய எந்திரம் மூன்றையும் கேட்டிருக்க வேண்டும். ஜியாவோடு ஜோஹோ அறிவித்த பேச்சறி மாதிரிகள் ஆங்கிலத்துக்கும் இந்திக்குமானவை. மற்ற மொழிகள் பின்னால் வரும் என்றார்கள். தமிழ்க் கிராமத்தைப் பெருமையாகச் சொல்லும் நிறுவனத்தின் முதல் பட்டியலில் தமிழ் இல்லை என்பது மனதைக் குத்தத்தான் செய்கிறது. பதிவு செய்யப்பட்டு, எழுதி ஒட்டப்பட்ட பேச்சு எந்த மொழியில் ஏராளமாகக் கிடைக்கிறதோ, சந்தை எங்கே பெரிதோ, அங்கே வேலை முந்துகிறது. இந்தப் பக்கத்துக் குறையைப் போக்கச் சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் குழு, மிதேஷ் கப்ராவின் வழிநடத்தலில், 22 இந்திய மொழிகளில் பல ஆயிரம் மணி நேரப் பேச்சை மாவட்டம் மாவட்டமாகப் போய்ப் பதிவு செய்து, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டுவருகிறது. சத்தமில்லாமல் நடக்கும் பெரிய தொண்டு அது.

தமிழ்நாட்டில் படித்து இந்தத் துறைக்குப் போனவர்கள் புதியவர்களில்லை. சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து, மும்பை டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்தியாவின் முதல் கணினிகளில் ஒன்றான டிஃப்ராக்கைக் கட்டிய குழுவை நடத்தினார். பிறகு படங்களை எந்திரம் எப்படிப் புரிந்துகொள்வது, மனிதனுக்கு மொழி எப்படி வருகிறது என்று வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தார். சித்தூர் மாவட்டக் கிராமத்தில் பிறந்து அதே கிண்டியில் 1958-இல் பட்டம் பெற்ற ராஜ் ரெட்டி, 1966-இல் ஸ்டான்ஃபோர்டில் ஜான் மெக்கார்த்தியிடம் முனைவரானார். செயற்கை நுண்ணறிவு என்ற ஆங்கிலப் பெயரையே சூட்டியவர் அந்த மெக்கார்த்தி. ரெட்டி எடுத்துக்கொண்டதும் பேச்சை எந்திரத்துக்குப் புரியவைக்கும் வேலைதான். 1994-இல் கணினித் துறையின் உச்ச விருதான டியூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. இன்று சென்னை ஐ.ஐ.டி.யில் இருக்கும் பலராமன் ரவீந்திரன், 2024-ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருதைப் பகிர்ந்துகொண்ட ஆண்ட்ரூ பார்ட்டோவின் மாணவர்.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒன்று, ஊரைவிட்டுப் போனது. கிராமத்திலிருந்தோ பட்டணத்திலிருந்தோ கடல் தாண்டி. சிலர் பட்டணம் வரை திரும்பினார்கள். கிராமம் வரை திரும்பியவர் என்று விரல்விட்டு எண்ணப் பார்த்தால் வேம்புவில் தொடங்கி அவரிடமே நின்றுவிடுகிறது. அவரால் முடிந்தது, நிறுவனம் அவருடையது என்பதால்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். சம்பளத்துக்கு இருக்கும் ஆய்வாளர் ஒருவர் "நான் கடையநல்லூரிலிருந்தே வேலை பார்க்கிறேன்" என்றால் எத்தனை நிறுவனம் சரி என்னும்? தென்காசி மாவட்டத்துப் பிள்ளை ஒருத்தி குற்றாலத்து மகளிர் கல்லூரியில் கணினி அறிவியல் படித்து, திருநெல்வேலியில் மேற்படிப்பு முடித்தாலும், ஆராய்ச்சி என்று போக பெங்களூர் பஸ்தான் ஏறவேண்டியிருக்கிறது. பெரிய சிப்புகள் கொண்ட கணினிக்கூடம், படித்ததைப் பேச நாலு பேர், தவறிப்போகும் சோதனைகளைப் பொறுத்துக்கொள்ளும் சம்பளம் ஆகிய மூன்றும் அரசுக் கல்லூரிகளுக்கு எட்டும்வரை மத்தளம்பாறை ஒற்றை ஊராகவே நிற்கும்.

ஒற்றை ஊர் இரண்டாகும் அறிகுறி மலைக்கு அந்தப் பக்கம் தெரிகிறது. தென்காசியிலிருந்து செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர் என்று மலையேறி இறங்கினால் கேரளத்துக் கொட்டாரக்கரை. அங்கே 2025 ஜூலையில் ஜோஹோவின் ஆராய்ச்சி மையம் திறந்தது. அதே சமயத்தில் கேரளத்தின் அசிமோவ் ரோபாட்டிக்ஸ் என்ற ரோபோ நிறுவனத்தையும் அது வாங்கியது. சாரல் காலத்தில் மேகம் வந்து நுழையும் அதே கணவாய் வழியில் இப்போது பொறியாளர்களும் போய்வருகிறார்கள்.

தென்காசிப் பேச்சை எந்திரத்துக்குக் கற்றுத்தர வருகிறவர் ஒலிப்பதிவுக் கருவியோடு முதலில் போகவேண்டிய இடம் ஒன்று உண்டு. சீசன் நேரத்தில், பேரருவிக்குப் போகும் கடைவீதி. ஒரு பக்கம் கொதிக்கும் எண்ணெயில் நேந்திரங்காய்ச் சிப்ஸ் விழும் சத்தம், மறுபக்கம் மங்குஸ்தானுக்கும் ரம்புட்டானுக்கும் விலை பேசும் குரல், எண்ணெய் தேய்க்க ஆள் கூப்பிடுகிறவர், தண்ணீர் கூடினால் ஆட்களை வெளியேற்றும் போலீஸ் விசில், எல்லாவற்றுக்கும் அடியில் நிற்காத அருவி இரைச்சல். அதற்கு நடுவே ஈரத்துண்டோடு நிற்கும் ஒரு அம்மா கூப்பிடுகிறாள்: "ஏலே, எங்கன நிக்க? இங்கன வாலே!"